பந்தக்காலுக்குக் காவல் வைத்த கேமரா

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்தக் காற்றாடியைக் குறைத்து வையுங்கள். இது மெதுவாகக் கேட்க வேண்டிய கதை. இருட்டில் பார்க்கிற கேமரா ஒன்றை வாங்கி, கள்ளத்தைப் பிடிக்கப் போன ஒருத்தி, வாயடைத்துப்போய் நின்ற கதை. கேட்டு முடித்த பிறகு உங்களுக்கும் பேச்சு வராது, பாருங்கள்.

ரெம்பியாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், கடைசி வரிசையில் இருந்தது மலர்க்கொடியின் வீடு. அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணவர் சேகரன் லோரி ஓட்டுகிறவர். ஒரே மகள் தேவிஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டின் ஈசானிய மூலை பின்பக்கம் விழுந்ததால் பந்தக்காலையும் பின்பக்கத்திலேயே நட்டார்கள். குழியில் நவதானியம் இட்டு, மஞ்சள் துணி கட்டிய கல்யாண முருங்கைக் கிளையை நிறுத்தி, பால் ஊற்றினார்கள்.

அந்தக் கிளை துளிர்க்க வேண்டும் என்பது மலர்க்கொடியின் பிடிவாதம். தினமும் மாலையில் பால் ஊற்றுவாள். பசும்பால் தீர்ந்துபோனால்? தேநீருக்கு வைத்திருக்கும் டின் பாலை, அந்த இனிப்புப் பாலை, வெந்நீரில் கரைத்து ஊற்றிவிடுவாள். பால்தானே, சாமி கோபித்துக்கொள்ளாது என்பது அவள் எண்ணம்.

ஒரு சனிக்கிழமை காலை பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பந்தக்காலின் அடிமண் தோண்டப்பட்டிருந்தது. பச்சைப்பயறும் எள்ளும் கொள்ளும் சிதறிக் கிடந்தன. அள்ளிப்போட்டு மூடினாள். மறுநாளும் அப்படியே. திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும்.

பந்தக்காலைத் தோண்டுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலர்க்கொடியின் மனம் நேராக ஓடி நின்ற இடம், பின்சந்துக்கு அப்பால் இருந்த ராஜம்மாவின் வீடு.

பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிற ராஜம்மா வேறு யாருமில்லை, சேகரனின் சொந்த அக்கா. மலர்க்கொடி ஷிப்டுக்குப் போன காலமெல்லாம் தேவிஸ்ரீயைத் தூக்கி வளர்த்தவள். தன் மகன் திலீபனுக்கு அவளையே கேட்டாள். பெண்ணுக்கு விருப்பமில்லை. அதைப் பக்குவமாகச் சொல்லத் தெரியாமல், "உங்க மகனுக்கு என் மகளா, அண்ணி?" என்று மலர்க்கொடி கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த பிறகும் ராஜம்மாவுக்கு உரியது மட்டும் சாமி மேடையில் கிடந்தது.

"ஏங்க, இது யாரு வேலைன்னு உங்களுக்கு விளங்கலயா?" என்றாள் மலர்க்கொடி.

"நாயா இருக்கும்லா," என்றார் சேகரன்.

"சனி ஞாயிறு மட்டும் வர்ற நாயா? அதுக்கு யாருங்க கலண்டர் வாங்கிக் குடுத்தது? பள்ளிக்கூட கேண்டீன்ல ஆக்கிப் போடுறவங்களுக்குத்தான் சனி ஞாயிறு லீவு."

"அது எங்கக்கா, மலரு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

உள்ளேயிருந்து தேவிஸ்ரீ வந்தாள். "மா, அத்தை இல்லாம நான் மணவறையில உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

"அவங்கதான் தோண்டுறாங்கன்னு கண்ணால பாத்தா?"

தேவிஸ்ரீ அம்மாவை நேராகப் பார்த்தாள். "பாத்துட்டா, பத்திரிகையைக் கிழிச்சுப் போடுங்க. ஆனா பாக்கணும்."

இப்படித்தான் கேமரா அந்த வீட்டுக்குள் வந்தது.

பக்கத்து ஊரான அலோர் காஜாவில் கைப்பேசிக் கடை வைத்திருந்த பிரான்க்ளின், தேவிஸ்ரீயோடு படித்தவன். பெரிய பெட்டி ஒன்றை முதலில் எடுத்து வைத்தான். நாலு மூலைக்கும் கேமரா, கூடவே பதிவுப்பெட்டி, வயர்.

"தம்பி, நான் பேங்குக்கா காவல் வைக்கிறேன்? ஒரு மரக்கொம்புக்குப்பா! கல்யாணச் செலவு கழுத்து வரைக்கும் நிக்குது. மலிவா காட்டு."

அவன் சிரித்துக்கொண்டே இரண்டு சின்னக் கேமராக்களை எடுத்தான். "இது ஆள் வந்தா வெள்ளை லைட்டு போடும் ஆன்ட்டி. ராத்திரியிலயும் கலர்ல தெரியும்."

"லைட்டு எரிஞ்சா ஓடிற மாட்டாங்களா?"

"அப்ப இது. இதுவும் லைட்டு போடும், ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்கு மட்டும் தெரியும். படம் கறுப்பு வெள்ளையா இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமா?" மலர்க்கொடி அந்தச் சின்ன உருண்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கண்ணைச் சுற்றிக் கடுகு மாதிரி சின்னச் சின்ன விளக்குகள். நம் பின்கட்டு முழுக்க வெளிச்சம் கொட்டிக் கிடக்குமாம், நமக்கு மட்டும் இருட்டாகவே இருக்குமாம். அவளுக்கு மேனி சிலிர்த்தது.

பிரான்க்ளின் பொறுமையாகச் சொன்னான். மாதாமாதம் கட்டணம் கட்டுகிற திட்டம் வேண்டாம், உள்ளே ஒரு மெமரி கார்டு போட்டால் போதும். மழை படலாம் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வைஃபை பின்சுவர் வரை எட்ட வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே வைத்துவிடக் கூடாது. கண்ணாடியில் பட்டு வெளிச்சம் திரும்பி அடித்தால் படம் வெள்ளையாகிவிடும்.

"தூரமா வைக்காதீங்க ஆன்ட்டி. மலிவுக் கேமரா. கிட்ட இருந்தாத்தான் முகம் தெரியும்."

"முகம் தெரிஞ்சா போதும் எனக்கு," என்றாள் மலர்க்கொடி.

அடுத்து வந்த சனிக்கிழமை சேகரன் அதைச் சமையலறையின் வெளிச்சுவரில் மாட்டினார். மாட்டிவிட்டு இறங்கியதும் மலர்க்கொடி ஏறினாள். புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம், சொல்லுங்கள்? காருக்கும் வைப்போம், டிவிக்கும் வைப்போம். அவளும் பக்தியோடு மூன்று விரலால் திருநீறு எடுத்து, அந்தக் கேமராவின் நெற்றியில் பட்டை போட்டாள். அதற்கு நெற்றி எது, கண் எது? இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பளிச்சென்று மூன்று கோடு.

ஞாயிறு காலை மண் கிளறிக் கிடந்தது. மூவரும் தேவிஸ்ரீயின் கைப்பேசியைச் சுற்றிக் கூடினார்கள். திரை முழுக்க வெள்ளை. பால் கொதிக்கும் பானைக்குள் எட்டிப் பார்த்தது போல ஒரே புகை.

"பாத்தீங்களா, மந்திரம் போட்டுக் கேமராவையே கட்டிட்டாங்க!" என்று மலர்க்கொடி நெஞ்சில் கை வைத்தாள்.

தேவிஸ்ரீ வெளியே போய்ப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "மா! நீங்க கேமராவுக்கு அபிஷேகம் பண்ணி வச்சிருக்கீங்க! அது போடுற வெளிச்சமெல்லாம் உங்க திருநீறுல பட்டு அது மூஞ்சியிலயே திரும்ப அடிச்சிருக்கு."

சேகரன் பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார். மலர்க்கொடி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய், சாமிக்கு ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, கேமராவைத் துடைத்தாள்.

திங்கள் காலை. பின்கட்டுக்குப் போனால் பந்தக்கால் அடியில் மண் அமைதியாகத் தட்டி வைத்தது போல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கைப்பேசியில் இரண்டு வீடியோப் படங்கள் வந்திருந்தன. கடைசியில் எடுத்தது மேலே நிற்கும் இல்லையா, அதைத்தான் தேவிஸ்ரீ முதலில் தொட்டாள்.

விடியலுக்கு முந்தைய நேரம். சந்துப்பக்கக் கதவு திறக்கிறது. கேண்டீன் பையைத் தோளில் மாட்டிய ஒருத்தி உள்ளே வருகிறாள். பந்தக்காலுக்கு முன்னால் மண்டியிடுகிறாள். கை மண்ணுக்குள் போகிறது. ஒருமுறை நிமிர்ந்து வீட்டைப் பார்க்கிறாள். ராஜம்மா.

தேவிஸ்ரீயின் விரல் படத்தை நிறுத்தியது.

"தோண்டி எதையோ பொதைச்சிட்டு, மூடி வச்சிட்டுப் போயிருக்காங்க," என்றாள் மலர்க்கொடி. "இப்ப என்ன சொல்றீங்க? நாயா இது?"

சேகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் அக்காவை ஒரே நொடியில் பறிகொடுத்த முகம். மலர்க்கொடி சாமி மேடைக்குப் போய், அந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மா, கிழிக்காதீங்க. இதுக்கு முந்தி இன்னொண்ணு இருக்கு."

"இன்னும் என்னடி பாக்க?"

"பாக்கணும்னுதானே வாங்குனோம்."

தேவிஸ்ரீ இரண்டாவது படத்தைத் தொட்டாள்.

முதலில் வெறும் மண்ணும் பந்தக்காலும். பிறகு வேலிக்கு அடியிலிருந்து ஏதோ நகர்ந்தது. கூரை ஓட்டை அடுக்கிச் செய்தது போன்ற முதுகு. கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு செதிலும் வெள்ளியாக மின்னியது. முன்கால் நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. அழுங்கு! எறும்புத்தின்னி, மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்களே, அதுதான்.

அது பந்தக்காலைச் சுற்றி மோந்து பார்த்தது. திரும்பியபோதுதான் வாலைப் பார்த்தார்கள். வாலின் மேல் ஒரு குட்டி, இன்னும் செதில் முற்றாத குட்டி, மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் தூங்கிப்போன பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் மண்ணைக் கிளறியது. டின் பாலின் இனிப்புக்குத் திரண்டிருந்த எறும்புகள் பொங்கி வந்தன. நூல் போல ஒரு நாக்கு நீண்டது, இவ்வளவு நீளமா என்று கேட்கும்படி நீண்டது. தாய் தின்றது. குட்டி ஒருமுறை தலையைத் தூக்கி, நேராகக் கேமராவைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வாலில் கன்னத்தை வைத்துக்கொண்டது.

எத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் குப்பை கொட்டியிருப்பாள் மலர்க்கொடி! பின்கதவைப் பூட்டிவிட்டால் அங்கே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை என்றுதானே நினைத்திருந்தாள். அவள் கை தானாகக் குவிந்தது.

"நம்ம வீட்டுக்கா வந்துச்சு?" என்றாள், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

"இத குரூப்ல போட்டா..." என்று சேகரன் ஆரம்பித்தார்.

"பா! வேணாம். செதிலுக்காகவே இத வேட்டையாடுற கும்பல் இருக்கு. யாருக்கும் அனுப்பாதீங்க."

பிறகு தேவிஸ்ரீ ராஜம்மாவின் படத்தை மறுபடியும் ஓடவிட்டாள், இந்த முறை கடைசி வரை. இப்போது பார்த்தால் குழி முன்பே இருந்தது. ராஜம்மா சிதறிக் கிடந்த தானியங்களைப் பொறுக்கிப் பொறுக்கிக் குழியில் போட்டாள். உள்ளங்கையால் மண்ணைத் தள்ளி, அழுத்தி, தட்டினாள். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொஞ்சம் தெளித்தாள். பந்தக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திப் போனாள்.

போன வாரமெல்லாம், அதற்கு முந்தைய வாரமெல்லாம், வேலைக்குப் போகும் வழியில் அவள் மூடிவிட்டுப் போன குழிகள்! லீவு நாளில் அவள் வராததால்தான் அவை இவர்கள் கண்ணில் பட்டன.

மலர்க்கொடி சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை வெற்றிலைத் தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு, பின்சந்தைத் தாண்டிப் போனாள். ராஜம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, வழி தெரிஞ்சிருச்சா? நான் கூகள் மேப் அனுப்பலாம்னு இருந்தேன்," என்றாள் ராஜம்மா, நிமிராமல்.

"அண்ணி, தோண்டிக் கெடந்தத ஏன் என்கிட்ட சொல்லல?"

மடித்த துணி கையிலேயே நின்றது. "சொன்னா என்ன சொல்லியிருப்பே? நான்தான் தோண்டுனேன்னு சொல்லியிருப்பே. நாய் செஞ்ச வேலைக்கு நீ பயந்து கல்யாணத்தத் தள்ளி வைப்பே. என் புள்ளைக்கு எதுக்கு அந்த மனக்கஷ்டம்?"

"அப்படித்தான் சொன்னேன், அண்ணி. கேமராவே வாங்கி மாட்டினேன், உங்களப் பிடிக்க." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

ராஜம்மா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "மாட்டினது மாட்டினே, நான் நல்ல சேலை கட்டியிருந்த நாளாப் பாத்து மாட்டியிருக்கக் கூடாதா?"

இருவரும் ஒரே நேரத்தில் அழுது, ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு மலர்க்கொடி கைப்பேசியை நீட்டினாள். "நாய் இல்ல, அண்ணி. இதப் பாருங்க."

ராஜம்மா பார்த்தாள். வெள்ளிச் செதில் மின்ன அந்தத் தாய் நடந்து வந்தது. குட்டி தலையைத் தூக்கியது. ராஜம்மாவின் கை வாய்க்குப் போனது.

"ஆத்தாடி... நான் மண்டி போட்ட எடத்துலயா?"

"அதே எடத்துல."

"இன்னொரு தடவ போடு."

எத்தனை தடவை போட்டார்களோ தெரியாது, விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட ராஜம்மா, "மொத நலங்கு நான்தான் வைப்பேன். அதுல ஒனக்கு வாயே கெடையாது," என்றாள். மலர்க்கொடி சரி சரி என்று தலையாட்டினாள். அவள் கண் மட்டும் இன்னும் திரையிலேயே இருந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போகிறவர்கள் பத்திரமாகப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். நீங்கள் தூங்கும்போதும் நல்ல கைகள் உங்கள் வாசலைக் காக்கட்டும். உங்கள் பிள்ளைகளும், பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கிறவர்களும், குலம் தழைத்து நிறைவாக வாழட்டும்.