ரம்பத் தூள்

விமானம் கட்டுகிறவர்களின் திருவிழாவுக்கு நாளை தானே கட்டிய விமானத்தில் பறந்து போக, விஸ்கான்சினில் வெர்னன் அதன் இன்ஜினுக்கு ஆயில் மாற்றினான். ஆயிலை வடிகட்டும் பழைய ஃபில்டரின் இரும்பு உறையை ரம்பத்தால் அறுத்து, உள்ளே பார்த்தான். மினுமினுவென்று தூள். காந்தத்தில் ஈயாய் மொய்த்தது. இன்ஜின் தேய்ந்து உதிர்ந்த தூள் என்றால், நடுவானில் நின்றுவிடும்.

பக்கத்து விமானக் கொட்டகை ஆர்லோ எட்டிப் பார்த்தான். "ஏம்பா, என் கட்டரைக் கேட்டிருந்தா தூள் விழாம வெட்டியிருக்கலாமே. இது இன்ஜின் தூளா, ரம்பத் தூளான்னு ஆண்டவனுக்கே தெரியாது."

"ரம்பத் தூள்னு சொல்லேன்டா."

"சொல்றேன். கூட ஏறிக்க மட்டும் கூப்பிடாதே."

வெர்னன் புது ஃபில்டர் மாட்டி, தரையிலேயே இன்ஜினை ஓடவிட்டான். பிறகு அந்த ஃபில்டரை ஆர்லோவின் கட்டரால் திறந்தான். காந்தம் வைக்கக் கை வரவில்லை. ஆர்லோ வைத்தான். தூள் ஒட்டியது.

"நாளைக்கு என் ப்ளேன்ல வா" என்றான் ஆர்லோ.