டில்டா வீட்டுக்குக் குடிவந்த கடல்

அரசர் ஓஸ்வின் முடிதுறந்த மறுநாள் காலை, கடல் மலையேறி டில்டா பார்லோவின் மதுக்கடைச் சமையலறை வாசலில் வந்து நின்றது. உள்ளே நுழையவில்லை. கீழ்ப்படியோடு நின்று, இரண்டு நண்டுகளையும் ஒற்றைப் பூட்ஸையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, உத்தரவுக்குக் காத்திருந்தது. துடைப்பத்தோடு வெளியே வந்த டில்டா அதை மேலும் கீழும் பார்த்தாள். "யாரோ உன்னைத் தேடி வந்திருக்காங்க. இறங்கி வா," என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். முந்தின நாள்வரை ஓஸ்வினை 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கிரீடம் கழன்றபோது அதுவும் கழன்றுவிட்டது.

ஹெம்ஸ்ரே வடகடலில் உள்ள சின்னத் தீவு. இங்கிலாந்துக்காரர்களின் வரைபடத்தில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடம் போலத் தெரியும். அங்கே அரசருக்கு உருப்படியான வேலை ஒன்றே ஒன்றுதான். காலையும் மாலையும் துறைமுகத்துக்குப் போய்க் கடலைப் பார்த்து 'வா' என்றும் 'போ' என்றும் சொல்ல வேண்டும். ஓஸ்வினின் தகப்பனார் இதைக் குளியல் அங்கியோடு, வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு செய்தவர். ஓஸ்வின் நாற்பது வயதுவரை ஒழுங்காகச் செய்துவந்தார். அப்புறம் ஒரு மழை நாளில் டில்டாவின் கடைக்குள் ஒதுங்கினார். இப்போதுதான் துடைத்த தரை, கால் என்ன காலா கலப்பையா என்று அவள் கேட்டாள். பிறந்ததிலிருந்து அவரை யாரும் திட்டியதில்லை. அங்கேயே அவளிடம் விழுந்துவிட்டார். டில்டாவோ இரண்டு முறை விவாகரத்தானவள். பழைய கணவன்மார் இருவரும் உயிரோடு, நல்ல தாகத்தோடு, அவள் கடையிலேயே குடித்துக்கொண்டிருந்தார்கள். "ராணிக்கு ரெண்டு பழைய புருஷன் ஆகாதுங்க. ஒருத்தர்னாக்கூட ஏதாவது பேசிப் பார்க்கலாம்," என்றார் பாதிரியார் பிம். ஓஸ்வின் கிரீடத்தைத் தம்பி லம்பர்ட்டின் மடியில் வைத்துவிட்டு, ஒரு பெட்டியோடு மலையேறினார்.

பட்டம் மாறிய விவரத்தைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் முறையாகச் சொன்னார்கள். வீட்டுத் தலைவர் மாறினால் தேனீக்களிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் மந்திரி கிராம்ப்டன் அரண்மனைத் தோட்டத்துக்குப் போய், ஒவ்வொரு கூட்டையும் சாவியால் மூன்று தட்டுத் தட்டி, தொப்பியைக் கழற்றி, லம்பர்ட்தான் இனி அரசர் என்று சொல்லி, கேக் துண்டும் வைத்துவிட்டு வந்தார். தேனீக்கள் ஒத்துக்கொண்டன. கடலிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே வாரத்தில் துறைமுகம் வெறும் சேறாகிவிட்டது. படகுகள் குடித்துவிட்டுச் சாய்ந்த ஆட்கள் போல ஒருக்களித்துக் கிடந்தன. லம்பர்ட் தினமும் கிரீடத்தோடு போய்ச் சேற்றைப் பார்த்து 'வா, வா' என்று கத்தினார். ஒரு நாய் வந்தது. மேலே டில்டாவுக்கு வேறு கவலை. ஓஸ்வின் கிளாஸ் கழுவினால் பாதிக்குப் பாதி உடையும். ஆனால் வாசலில் நின்று 'வா' என்று சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிர்ந்துகொள்ளும். புறப்படப்போகிற ஆண்களின் முதுகு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் கணவன் நார்வே சமையல்காரி ஒருத்திக்காகப் போனான். இரண்டாமவன் சும்மா போனான்.

பத்தாம் நாள் கிராம்ப்டன் வந்தார். அவருக்கே நான்கு படகுகள் சேற்றில் கிடந்தன.

"கடலைக் கூட்டிட்டு இறங்கி வாங்க. கிரீடம், அரண்மனை எல்லாம் பழையபடி உங்களுக்கே. அம்மாவுக்கு எதிர்க்கரையில ஒரு கடை வச்சுக் கொடுத்துடறோம்."

"அம்மா இங்கதான் நிக்கிறேன்," என்றாள் டில்டா. "என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

கிராம்ப்டன் தன் தொப்பியைப் பார்த்தார். ஓஸ்வின் கோட்டை மாட்டிக்கொண்டு கிராம்ப்டனோடு இறங்கிப் போனார். கடல் நண்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனது. கீழே ஜனங்கள் கைதட்டுவது கேட்டது. டில்டா காய்ந்த படியைப் பெருக்கினாள். உள்ளே போய் மீதமிருந்த கிளாஸ்களைத் தானே கழுவினாள். ஒன்றும் உடையவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சாயங்காலம் சந்தில் கூழாங்கற்கள் உருளும் சத்தம் கேட்டது. பின்னாடியே தண்ணீர் வந்தது. கடைசியாக, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஷூக்களைக் கையில் பிடித்தபடி ஓஸ்வின் வந்தார்.

"எல்லார் முன்னாடியும் லம்பர்ட் கையில பிடிச்சுக் கொடுத்தேன். இனி இவன்தான் உன் ராஜான்னு சொன்னேன். மரியாதையாத்தான் கேட்டுக்கிச்சு. திரும்பி நடந்தா, என்னை முந்திக்கிட்டு ஓடி வருது. அங்க இருக்க மாட்டேங்குது."

"அதுவா, நீயா?"

ஓஸ்வின் ஷூக்களைப் படியில் வைத்தார். "ரெண்டு பேரும்தான்."

டில்டா துடைக்கும் துணியை அவர் முகத்தில் வீசினாள். "கால அலம்பிட்டு உள்ள வா. அந்தக் கடங்காரக் கடல ரோஜாச் செடிப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லு. உப்பு ஆகாது."

ஹெம்ஸ்ரேக்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு படகுகளை மேலே இழுத்து வந்து கடையின் வேலிக் கம்பிகளில் கட்டிக்கொண்டார்கள். மீன் சந்தை டில்டாவின் கொல்லைக்கு மாறியது. பீர் பக்கத்திலேயே இருந்ததால் பேரம் சீக்கிரம் முடிந்தது. ஹெர்ரிங் மீன் விலை இரண்டு பென்னி இறங்கியது. பழைய துறைமுகத்தில் லம்பர்ட் முட்டைக்கோஸ் போட்டார். அரசராக இருந்ததைவிட அதில் கெட்டிக்காரர் என்று பேச்சு. பாதிரியார் பிம்முக்கு மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காது. மூன்றாம் வருஷம் அவரே மேலே வந்து, இரண்டு பழைய புருஷன் ஒன்றும் பெரிய பாவமில்லை என்று சொல்லி, கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார். தேவாலயத்தில் பழைய கணவன்மார் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள். கடல் கடைசி வரிசைக்குப் பின்னால், சத்தம் போடாமல் நின்றது. பாதிரியார் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபத்தை முடித்தார்.