சான் மரீனோ ஜெயிக்கும் வரை

1

இந்தக் கதை வேலை நேரத்தில் பிறந்தது. சான் ஹோசேயில், மேனேஜர் கண்ணில் படாத ஒரு மதியம், சான் மரீனோ கால்பந்து அணியின் சர்வதேச ஆட்ட முடிவுகளை மேய்ந்துகொண்டிருந்தேன். இத்தாலிக்குள் அடங்கிய குட்டி நாடு. தோல்வி, தோல்வி, எப்போதாவது ஒரு டிரா, மறுபடி தோல்வி. படிக்கப் படிக்கத் தாலாட்டு மாதிரி கண் சொக்கியது. 2004 ஏப்ரலில் மட்டும் ஒரு வெற்றி. லிக்டென்ஸ்டைனோடு நட்பு ஆட்டம், ஒன்றுக்குப் பூஜ்யம். இதை எழுதும் 2009 வரை வேறு வெற்றி கிடையாது.

அந்த ஒரு கோல் யார் நிம்மதியைக் கெடுத்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

2

காப்பெல் நகரத்தில் அன்று மழை பெய்துகொண்டிரு

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகள் போதும்.)

டெக்சஸில் காப்பெல் என்ற ஊரில் திருமூர்த்தி என்றொரு கம்ப்யூட்டர் எஞ்சினியர். சான் மரீனோ ரசிகர். (ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே காரணம் கிடைக்கவில்லை.) மனைவி நாகலக்ஷ்மி சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாக இருந்தவள். இங்கே அவளுடைய விசாவில் வேலைக்குப் போகக் கூடாது.

"எப்பங்க திரும்பிப் போறோம்?" என்று 2001இல் கேட்டாள்.

"சான் மரீனோ ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும் நாகு. அடுத்த மாசமே டிக்கெட் புக் பண்றேன். ப்ராமிஸ்."

அவள் சிரிக்கவில்லை. ஆட்டம் நடந்த நாளெல்லாம் அவர் வீடு திரும்பியதும் கேட்பாள்: "தோத்துட்டாங்களா?"

"தோத்துட்டாங்க."

அல்லது, "டிரா."

தட்டு வைப்பாள். அவ்வப்போது தன் கறுப்பு வக்கீல் கவுனை எடுத்து இஸ்திரி போட்டு, திரும்ப அலமாரியில் மாட்டுவாள். (இந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. எல்லாரையும் போல 'க்ரீன் கார்டு வரட்டும்' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

3

ஐரோப்பாவில் இரவு ஆட்டம் என்றால் டெக்சஸில் நல்ல பகல். ஆபீஸில் திருமூர்த்தி ஸ்கோர் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துகொண்டே இருக்கிறார். ஐந்தாவது நிமிடமே சான் மரீனோ கோல். மீதி ஆட்டம் முழுக்க லிக்டென்ஸ்டைனுக்காக வேண்டிக்கொள்கிறார். பிறகு என் பக்கம் திரும்புகிறார்.

"சார், நீங்கதானே எழுதறீங்க? அவங்களுக்கு ஒரே ஒரு கோல் குடுங்க. டிரா போதும்."

"உங்களைத்தான் நான் கற்பனை பண்ணேன். அந்த கோலை இல்ல."

4

முதல் முடிவு: "தோத்துட்டாங்க" என்கிறார். அவள் தட்டு வைக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். எனக்கே சோறு இறங்கவில்லை.)

இன்னொன்று: விமானம், ஜன்னலுக்கு வெளியே மேகம், அவள் தோளில் சாய்ந்து அவர் தூங்க

(அழகாகத்தான் இருக்கிறது. அவருக்கு அந்தத் தைரியம் உண்டா என்பதுதான் சந்தேகம்.)

5

கார் வந்து நிற்கிறது. ஹாலில் மாலை வெயில். சோபாவின் மேல் கறுப்பு கவுன், இஸ்திரி போட்ட சூடு ஆறாமல். நாகலக்ஷ்மி அவர் முகத்தையே பார்க்கிறாள்.

"டீ போடட்டுமா?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவரும்தான்.

திருமூர்த்தி வாயைத் திறக்கிறார். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவர் என்ன சொல்கிறார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கோரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவள் பார்த்துவிட்டாள்.