தோற்க மறுத்த சிவப்பு அங்கி

பெந்தெகொஸ்தே திருவிழா வந்துவிட்டால் பிரெனோபொலிஸ் ஊரில் கறிக்கடைக்காரர்கூட மாவீரர்தான். மைதானத்தில் சார்லமேன் மாமன்னர் காலத்துப் போர் குதிரை வீரர்களோடு நாடகமாக நடக்கும். நீல அங்கியில் கிறிஸ்தவப் படை, சிவப்பு அங்கியில் மூர்கள் என்ற முஸ்லிம் படை. இரண்டாம் நாள் மூர்கள் தோற்று, மண்டியிட்டு, ஞானஸ்நானம் பெறுவார்கள். வருஷா வருஷம் இதே முடிவுதான். ஊருக்கு இன்னும் அலுக்கவில்லை.

டயர் கடை வால்திவினோ சிவப்புப் படை வீரன். அவன் மனைவி ஜுரேமா தவக்காலத்தில் இறந்துபோனாள். அழுவான் என்று ஊரே எதிர்பார்த்தது. அவனோ அங்கியை மாட்டிக்கொண்டு சார்லமேனின் எட்டாம் நூற்றாண்டுக்குக் குடிபோய்விட்டான். அந்தக் காலத்தில் ஏது காப்பி என்று அதை நிறுத்தினான். பஞ்சர் ஒட்ட வந்தவரிடம், "எந்த அரசரோட தூதர் நீங்க?" என்று விசாரித்தான். அவன் கணக்கு ரொம்பச் சுலபம். அங்கே ஜுரேமா இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவள் எப்படிச் சாவாள்?

இரண்டாம் நாள்தான் வம்பு வந்தது. மூர் அரசர் வாளைக் கீழே வைத்தார். வீரர்கள் குதிரையைவிட்டு இறங்கி மண்டியிட்டார்கள். வால்திவினோ மட்டும் இறங்கவில்லை. மண்டியிட்டால் போர் முடிந்துவிடும். போர் முடிந்தால் அவன் வெறும் டயர் கடைக்காரன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். பாண்டுக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள். பாதிரியார் வேஷக்காரர் தண்ணீர்க் குவளையோடு விழித்தார். திருவிழாவில் கோமாளித்தனம் பண்ண வந்த மாட்டுத்தலை முகமூடிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"விடாதே, வால்திவினோ. இந்தத் தடவையாவது ஜெயிச்சுக் காட்டு" என்று கத்தினார்கள்.

நீலப் படையிலிருந்து ஜெனேசியோ குதிரையை மெல்லச் செலுத்திக்கொண்டு வந்தான். ஜுரேமாவின் அண்ணன். வாளை ஓங்கி, சண்டை போடுவதுபோல் நெருங்கி நின்றான்.

"இறங்கு மச்சான். வெயில் மண்டையப் பொளக்குது."

"நான் தோக்க மாட்டேன்."

"உங்க தாத்தா தோத்தாரு, உங்கப்பா தோத்தாரு. உனக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

"தோத்தா வீட்டுக்குப் போகணும், ஜெனேசியோ. அங்க அவ இல்ல."

ஜெனேசியோ ஓங்கிய வாளைக் கீழே இறக்கினான்.

"எனக்கு மட்டும் இருக்காளா? கூடப்பொறந்தவ அவ ஒருத்திதான். நீ பாட்டுக்கு எந்தக் காலத்துக்கோ ஓடிட்ட. அவளப் பத்திப் பேச எனக்கு இங்க ஒரு நாதி இல்லடா."

வால்திவினோவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தன் துக்கத்திலிருந்துதான் தப்பி ஓடுவதாக நினைத்திருந்தான். இவனையும் தனியாக விட்டுவிட்டு ஓடியது அப்போதுதான் உறைத்தது.

இறங்கினான். மண்டியிட்டான். தலையில் தண்ணீர் விழுந்ததும், மாதக்கணக்கில் அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதான். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததே இல்லை என்று கூட்டம் எழுந்து கைதட்டியது.

ஜெனேசியோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ குதிரையில வர்றதப் பார்த்து அவ என்ன சொல்லுவா தெரியுமா?" என்றான் வால்திவினோ, மூக்கை உறிஞ்சியபடி.

"என்ன சொன்னா?"

"மாவு மூட்டைக்கு நீலச் சட்டை போட்ட மாதிரி இருக்குன்னு."

"அவளா சொன்னா?" ஜெனேசியோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரி, இன்னும் என்னென்ன சொன்னா, சொல்லு."

வால்திவினோ சொல்லத் தொடங்கினான்.