ஜாதகக் கட்டுக்குள் ஒரு கடிதம்

"குனிஞ்ச தல நிமிராத. முந்தானை காத வுட்டு நழுவிச்சோ, அத்தோட போச்சு இந்தச் சம்பந்தம்" என்று பவுனம்மாள் தம்பி பெண்டாட்டி தனக்கொடியின் இடது காதை இழுத்து மூடினாள். காதுக்கு அடியில் நெல்லிக்காய் அளவு கட்டி விண்ணென்றது.

அபிஷேகப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் நாள். வில்லியனூரில் அந்தத் தெருவுக்கே கட்டி விஷயம் தெரியும். தெரியாதது போல் இருப்பதுதான் தெருவின் மரியாதை.

பாண்டி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்த டாக்டர், புருஷன் அரங்கநாதனைத்தான் உள்ளே கூப்பிட்டார். நோய் பெண்ணுடையது, சேதி ஆணுடையது. அதுதானே நம் வழக்கம்! கதவுக்கு வெளியே நின்றவளுக்கு, "எச்சில் சுரப்பியில புத்து... இதுல மூணு தரம் இருக்கு, மூணாவதுதான் மோசம்" என்பது வரைதான் கேட்டது. எந்தத் தரம்? புருஷனைக் கேட்டால், "ஒண்ணுமில்ல, போடி." ஒரு மாதமாக எச்சில் விழுங்கும்போதெல்லாம் மூன்றாம் தரத்தையே விழுங்கினாள்.

இன்று காலை ஜாதகம் எடுக்க டிரங்குப் பெட்டியைக் கிளறிய மகள் விஜயகுமாரி, ஜாதகக் கட்டுக்குள் டாக்டர் கடிதத்தைக் கண்டாள். பள்ளி இறுதி வரை படித்தவள்.

"எம்மா, மொதல் தரந்தாம்மா! மெதுவாத்தான் வளருமாம். இப்பவே அறுத்துட்டா பொழச்சிக்கலாமாம், வுட்டா சொல்ல முடியாதாம். மூஞ்சி நரம்பு பட்டா வாய் கோணலாமாம். வர்ற செவ்வாக்கெழம ஆஸ்பத்திரியில வந்து படுக்கணும்னு எழுதிக்கீது."

தனக்கொடி கடிதத்தோடு நாத்தனாரிடம் ஓடினாள். பவுனம்மாளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"மெதுவாத்தானே வளருது? தை மாசம் கல்யாணம் வரைக்கும் தாங்காதா இன்னா? கோணவாயோட நின்னா எவன்டி பொண்ணெடுப்பான்?"

நல்ல சேதியே தூக்குக் கயிறானது.

மாப்பிள்ளையின் தாய் தையலம்மாள் பாயில் உட்கார்ந்ததும், "பொண்ணு ஜாதகத்தக் குடுங்க, எங்க ஜோசியரு பாக்கணும்" என்றாள்.

தனக்கொடி தாம்பாளத்தை வைத்தாள். ஜாதகத்தின் மேல் டாக்டர் கடிதம். முந்தானையை விலக்கினாள்.

"மொதல்ல இதப் பாருங்க. செவ்வாக்கெழம அறுத்துக்கப் போறேன். வாய் கோணினாலும் கோணும். எம் பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல."

காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

"மானத்த வாங்கிட்டியே!" என்றான் அரங்கநாதன்.

பவுனம்மாளுக்கோ வேறு கவலை. "செவ்வாக்கெழமையில எவளாச்சும் வூட்ட வுட்டுக் கெளம்புவாளாடி?"

"கட்டிக்குக் கெழம தெரியாது அண்ணி."

தையலம்மாள் வைத்துவிட்டுப் போன காப்பியைத் தனக்கொடி எடுத்தாள். மெல்ல விழுங்கினாள்.