வாயை ஊதிக் காட்டு

மினசோட்டாவில் அந்த லூத்தரன் தேவாலயத்தின் சமையலறைச் சாவி முப்பது வருடம் ஆர்லிஸின் இடுப்பில் கிடந்தது. போன ஏப்ரலில் பறிபோனது. மேல்தட்டில் இருந்த காப்பி அண்டாவை எடுக்க அண்ணாந்தாள். சமையலறையே சுழன்றது. பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள். எழுபத்தெட்டு வயதுக்காரியைத் தாங்கிப் பிடிக்க வேண்டாமா? கூட வேலை செய்த லவான், இருபது பெண்கள் முன்னால் மூக்கை நீட்டி, "வாய ஊது பாக்கலாம்" என்றாள். காலையில் குடித்த இருமல் மருந்தின் வாடையே குடிகாரிப் பட்டத்துக்குப் போதுமாயிருந்தது. சொட்டு மது நுழையாத இடம் அது. மறுநாள் சாவி லவானிடம் போனது, உருளைக்கிழங்கு சீவும் கத்தி ஆர்லிஸிடம் வந்தது.

காது டாக்டர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். காதுக்குள் இருக்கும் பொடிக் கற்கள் இடம் மாறிவிட்டனவாம், வயதானால் சகஜமாம். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைத்துச் சரிசெய்தார். ஆர்லிஸ் இதை யாரிடமும் சொல்லவில்லை. குடிகாரி சொன்னால் யார் நம்புவார்கள்? கிழங்கு சீவிக்கொண்டே கறுவினாள்.

அக்டோபரில் மீன் விருந்து. சமையலறைக்கு மேலே கூடத்தில் நானூறு பேர். லவான் அண்டாவுக்காக அண்ணாந்தாள். அடுத்த நொடி தொட்டியைக் கட்டிப்பிடித்துக் கக்கினாள். ஆர்லிஸுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆனாலும் பக்கவாதமாக இருந்துவிடக் கூடாதே. சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், பெயர் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நிமிடத்தில் சுற்றல் நின்றது. தலையைத் திருப்பியதும் மறுபடி பிடித்துக்கொண்டது.

"ஆர்லிஸ், நான் செத்துருவேனா?"

"இதுக்கெல்லாம் யாரும் சாக மாட்டாங்க. இது என்னன்னும் தெரியும், யார் சரிபண்ணுவாங்கன்னும் தெரியும். மொதல்ல வாய ஊது."

கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண்களின் கத்திகள் எல்லாம் நின்றன. லவான் அழுதுகொண்டே ஊதினாள். ஆர்லிஸ் அவசரப்படாமல் மோந்து பார்த்தாள்.

"காப்பி வாடைதான். அப்ப ஏப்ரல்ல எனக்கு வந்தது என்னடி?"

"இதேதான். நீ குடிக்கல."

"மேல பாஸ்டருக்குக் கேக்கல."

"ஆர்லிஸ் குடிக்கல!" லவானின் குரல் படியேறிப் போனது. கூடத்தில் பேச்சு அடங்கியது.

லவான் தானாகவே சாவியை அவிழ்த்து நீட்டினாள். ஆர்லிஸ் அதை இடுப்பில் முடிந்துகொண்டாள். டாக்டர் பெயரை உடனே சொல்லவில்லை. முதலில் நானூறு பேருக்கும் காப்பி ஊற்றினாள். அதுவரை லவான் நாற்காலியில், தலையை அசைக்காமல் காத்திருந்தாள்.