வளவனின் குதிகால்

கபடி ஆட்டம் முடிந்து அரை மணி நேரமாகியும் கோப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசி ரெய்டில் வளவனின் குதிகால் பின்கோட்டைத் தாண்டிவிட்டது என்று நடுவர் செவ்வந்தி அவுட் கொடுத்தாள். அவனுடைய பதினோராம் பிளாக் அணி ஒரு புள்ளியில் தோற்றது. வளவனோ தாண்டவே இல்லை என்று சாதித்தான்.

"வீடியோ இருக்குதுல்ல, போட்டுப் பாத்துடுவோம்," என்றார் அந்த அணியின் மேனேஜர் ராஜாங்கம்.

பின்கோட்டுக்குப் பின்னால் ஸ்டாண்டில் வைத்து எடுத்த படம். கிளப் லேப்டாப்பின் திரை எப்போதோ உடைந்துபோனதால், அதற்கு வயர் கொடுத்து கிளப் அறை டிவியில் போட்டார்கள். பழைய கேமரா என்பதால் படத்தின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தது. ராஜாங்கம் ரிமோட்டை அமுக்கித் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

வளவன் பாய்ந்து ஒருவனைத் தொட்டான்; மற்றவர்கள் நடுக்கோட்டுப் பக்கம் மறிக்கவும் பின்வாங்கினான். அவன் முழங்காலுக்குக் கீழே திரையில் எதுவும் தெரியவில்லை.

"கோடே காணோம். எதப் பாத்தும்மா அவுட்டு குடுத்தீங்க?"

செவ்வந்தி அசரவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈரமண் அழுந்தியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அதோடு, மைன்ஸ் பயிற்சிக் கூடத்தில் பாதுகாப்புப் படங்களை டிவியில் போட்டுக் காட்டுவதே அவளுடைய கான்ட்ராக்ட் வேலை. வீடியோவை மூடினாள். லேப்டாப்பின் முகப்பு வந்தது.

"மணி எங்கங்க போச்சு?"

"எந்த மணி?"

"கீழ் மூலையில லேப்டாப்பு மணி காட்டும். அதையே டிவி வெட்டிக்கினு இருக்குது. கோட்ட மட்டும் விட்டுவெக்குமா?"

ரிமோட்டை வாங்கினாள். படத்தின் அளவு 'ஜூம்' என்றிருந்தது. வேறொன்றுக்கு மாற்றியதும் கடிகாரம் பாதி எட்டிப் பார்த்தது. 'ஸ்கிரீன் ஃபிட்' வைத்ததும் முழுசாக வந்தது: ஆறு இருபது.

வீடியோவைத் திரும்பப் போட்டாள்.

"மறுபடியும் கறுப்பு வந்துடுச்சே," என்றார் ராஜாங்கம்.

"இருந்துட்டுப் போவட்டுங்க. படத்தோட அகலம் அவ்ளோதான். பெருசாக்குனா கால் போயிடும்."

ரெய்டு ஓடியது. அடியில் வெள்ளைக் கோடு. குதிகால் அதற்கு நாலு விரல் வெளியே. அங்கேயே நிறுத்தினாள்.

வளவன் தலையைச் சொறிந்தான். "தாண்டித்தாங்க இருக்குது."

ராஜாங்கம் விடவில்லை. "அப்போ மொத பாதியில எங்களுக்கு ஒரு பாயின்ட் குடுக்கலையே, அதையும் போடுங்க."

போட்டாள். பதினோராம் பிளாக் பையனின் கை எதிராளியின் கால் விரலைத் தெளிவாகத் தொட்டது. அப்போது அவள் நின்ற இடத்திலிருந்து அது மறைந்திருந்தது.

"இது என் தப்புங்க. ஒரு பாயின்ட் உங்களுக்கு. ஆட்டம் சமம்."

எதிரணி மேனேஜர் சிங்காரவேல் துள்ளி எழுந்தார். "முடிஞ்ச ஆட்டம்மா இது!"

"கோப்பை இன்னும் குடுக்கலையேங்க. எனக்குச் சாதகமா இருந்தத மட்டும் படத்துல பாக்க முடியுமா?" விசிலைக் கழுத்தில் மாட்டினாள். "டீமுக்கு அஞ்சு ரெய்டு. கிரவுண்டுக்கு வாங்க."

விளக்கு வெளிச்சத்தில் பதினோராம் பிளாக் இரண்டு புள்ளியில் ஜெயித்தது. கோப்பையோடு வளவன் அவளிடம் வந்தான்.

"அக்கா, எங்க வூட்டு டிவியில எல்லாரும் குண்டா தெரியறாங்க. வந்து பாக்கறீங்களா?"

"ரிமோட்டுல படத்தோட அளவுக்குப் போ. நீயே பண்ணிடுவ," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள் செவ்வந்தி.